பதினெட்டு கிராம் சிவப்புப் பை

செப்டம்பர் 17, ஞாயிறு. கோவில்பட்டி.

இன்று பிற்பகல் மூன்று பத்துக்கு என் அக்கா ஆவுடையம்மாள் எனக்கு மரண தண்டனை விதித்தாள். தீர்ப்பின் வாசகம் வருமாறு: "ஏல நயினா, அவ போயே தீருவேன்னு நிக்கா. நீயும் கூடப் போ. அவ திரும்பி வரலைன்னா நீயும் வராத."

அவள் என்பது அக்காவின் ஒரே மகள் செண்பகவல்லி. இருபத்தாறு வயது, பெங்களூரில் வேலை. பன்னிரண்டு வயதில் அவள் கணையம் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அன்றிலிருந்து தினம் நான்கு வேளை இன்சுலின். ஊசி இல்லாமல் இவள் இரண்டு நாள் தாங்க மாட்டாள் என்று டாக்டர் அன்றே சொன்னார். அப்பேர்ப்பட்டவள் இமயமலையில் கௌனி ஏரி என்று ஒன்றைப் பார்க்கக் கிளம்புகிறாள். பதின்மூவாயிரம் அடி உயரம், ஆறு நாள் நடை.

கூடப் போகும் மாவீரன் ஆறுமுகநயினார் ஆகிய நான். வயது அறுபத்தொன்று. ஓடுகிற ரயிலில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவன். இதுவரை ஏறிய உயரம்: கழுகுமலை. அதிலும் பாதி.

அக்கா சொன்ன கடைசி வாக்கியத்தை அவள் சிரிக்காமல் சொன்னாள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 20, புதன்.

பைகள் வந்து இறங்கின. மொத்தம் பதினொன்று. முதுகுப் பைக்குள் சாமான்களை அப்படியே திணிக்கக் கூடாதாம். வகைக்கு ஒரு குட்டிப் பை, அதுவும் எடையே இல்லாத பை. எடை இல்லை என்றால் நிஜமாகவே இல்லை. ஒன்றை மேசையில் வைத்துவிட்டுத் தும்மினேன். அதைப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்தான் போய்ப் பிடிக்க முடிந்தது. சிலந்திகளுக்குச் சம்பளம் கொடுத்து நெய்திருப்பார்கள் போல.

செண்பா வீடியோவில் வந்து உத்தரவிட்டாள். "மாமா, ஒவ்வொரு கிராமும் முக்கியம். மேல போகப் போக ஒரு கிராம் ஒரு கிலோவா கனக்கும்."

"தாயி, கன்னியாகுமரி தபாலையும் காஷ்மீர் தபாலையும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்ச கை இது. எனக்கே பை பிரிக்கச் சொல்லித் தாரியா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டே பிரிங்க. போதும்."

மந்திரிசபை அமைத்தேன். நீலப் பை உள்துறை: பனியன், ஜட்டி, காலுறை. மஞ்சள் உணவுத்துறை: கடலைமிட்டாய், பருப்புப் பொடி, வறுத்த அவல். பச்சை பொதுப்பணித்துறை: கயிறு, கத்தி, டார்ச், ஊசி நூல். ஒவ்வொரு பையின் கழுத்திலும் தபால் பைக்குக் கட்டுவதுபோல் அட்டைச் சீட்டு கட்டி, சணல் முடிச்சுப் போட்டேன்.

"அந்தச் சீட்டு ஒண்ணு மூணு கிராம் மாமா. கழட்டுங்க."

"சீட்டு இல்லாத பை அநாதை, தாயி."

"மாமா."

கழற்றினேன். வீட்டில் இருக்கும் பித்தளைக் கடிதத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தேன். சீப்பில் நாலு பல் மட்டும் விட்டேன், என் தலைக்கு அது தாராளம். மீசையையும் ஒரு நிமிடம் கண்ணாடியில் பார்த்தேன்.

இரவு தூக்கம் வரவில்லை. படுக்கையில் இருந்தபடியே அந்த மலையிலிருந்து மூன்று தடவை விழுந்தேன்.

செப்டம்பர் 23, சனி.

இன்று சிவப்புப் பை. சுகாதாரத்துறை. மற்ற பத்துப் பைகளும் தொலைந்தாலும் பரவாயில்லை, இது தொலையக் கூடாது.

ஆறு இன்சுலின் பேனாக்கள். என் மனசு ஒரே பையில் போடு என்றது. ஒரு ஊர்த் தபால் ஒரு பையில் போவதுதான் என் மதம். செண்பா ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு என் இடுப்புப் பையில. மூணு உங்ககிட்ட. என்னோடது போச்சுன்னா உங்களோடது இருக்கணும். ரத்தம் பார்க்கிற மெஷினும் ஆளுக்கு ஒண்ணு. நல்லாக் கேட்டுக்கோங்க மாமா, சூடு பட்டாலும் கெட்டுப்போகும், ரொம்பக் குளிர்ந்தாலும் கெட்டுப்போகும். ராத்திரி தூங்குற பைக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சுக்கணும்."

"சரி தாயி" என்றேன்.

சரி என்றேனே தவிர, உள்ளுக்குள் சிரித்தேன். இந்த மருந்தைப் பற்றி எனக்கா பாடம்? பதினான்கு கோடையாக இதைக் காப்பாற்றியவன் நான். மின்சாரம் போன சித்திரையில் ஈர மணலுக்குள் மண்பானை புதைத்து, அதற்குள் மருந்தை வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தவன். ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாத்தூரிலிருந்து நின்றபடியே பேருந்தில் வந்தவன். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே பகை வெயில். வேறு பகை கிடையாது.

ஆகவே என் சொந்தக் காசில் ஒரு ரகசிய ஆயுதம் வாங்கினேன். வந்த சிவப்புப் பைக்குப் பதிலாக, அதே நிறத்தில், தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் தானே குளிரும் பை. எடை பதினெட்டு கிராம். அந்தப் பதினெட்டு கிராமை ஈடுகட்ட, மருந்தின் அட்டைப்பெட்டியையும் உள்ளே மடித்திருந்த தாளையும் எடுத்துப் போட்டேன். பெட்டியின் மேல் ஒரு பனிப்பூப் படம் இருந்தது, குறுக்கே ஒரு கோடு. குளிர் இதை ஒன்றும் செய்யாது என்று அர்த்தம்.

செப்டம்பர் 29, வெள்ளி. தர்கோட், மலையடிவார ஊர்.

இரண்டு ரயில், ஒரு பேருந்து, ஒரு ஜீப். ஜீப்பின் ஒரு சக்கரம் பாதி நேரம் ஆகாயத்தில்தான் சுற்றியது. கீழே நதி நூல் மாதிரி கிடந்தது. கோவில்பட்டியில் உள்ள எல்லாச் சாமிக்கும் ஒரு சுற்று வேண்டிக்கொண்டு, போதாமல் கழுகுமலைக்கும் கடன் வைத்தேன்.

செண்பா டேராடூனில் சேர்ந்துகொண்டாள். வழிகாட்டியின் பெயர் பல்பீர். நாற்பது வயது இருக்கும். நான் ஹிந்தியில் ஒரு பெரும் சொற்பொழிவுக்குத் தயாராகி, "ஆப்" என்று ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே பேசுங்ணா" என்றான். "நான் திருப்பூர்ல நாலு வருசம் பனியன் கம்பெனில இருந்தனுங்."

இமயமலை அடிவாரத்தில் கொங்குத் தமிழ்! கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவனுடைய கோவேறு கழுதையின் பெயர் ராணி. அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

செப்டம்பர் 30, சனி. முதல் முகாம்.

நடந்தோம். முழங்கால்கள் இரண்டும் கூட்டாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தன, நான் ஏற்கவில்லை. ஒரு மரப்பாலத்தில் பலகைகளுக்கு நடுவே கால் போகிற அளவு இடைவெளி. கண்ணை மூடித் தவழ்ந்து கடந்தேன். அக்கரையில் செண்பா கைதட்டினாள். "கன்னியாகுமரி தபால் பத்திரமா வந்து சேர்ந்துச்சு."

சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலா எதற்கும் இவளை அனுப்பவில்லை, யாரும் பொறுப்பெடுக்க மாட்டோம் என்றார்கள்.

ரத்த சர்க்கரை 128. அதை அவள் காட்டியபோது பரிசு வாங்கியவள் மாதிரி காட்டினாள்.

அக்டோபர் 1, ஞாயிறு. இரண்டாம் முகாம், பதினோராயிரம் அடி.

நண்பகலில் இங்கே அடிக்கும் வெயில் கரிசல் காட்டு வெயிலுக்கு அண்ணன். மூக்கு உரிந்துவிட்டது. என் முதுகுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது. மூன்று பேனாக்களும் உள்ளே. இத்தனை வருடம் காப்பாற்றிவிட்டு இங்கே வந்து வேகவைப்பதா?

சாயங்காலம் ரகசிய ஆயுதத்தை எடுத்தேன். ஓடைத் தண்ணீரில் நனைத்து, பேனாக்களைப் போட்டு, கூடாரத்துக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டேன். தூங்கும் பைக்குள் வைக்கச் சொன்னாள், நிஜம்தான். ஆனால் அதற்குள் நான் படுத்தால் அது பேக்கரி அடுப்பு. மருந்து பன்னாகிவிடும்.

"மாமா, மருந்து எடுத்து உள்ள வச்சுக்கிட்டீங்களா?" என்று அவள் தன் கூடாரத்திலிருந்து கேட்டாள்.

"ராஜ மரியாதையோட இருக்கு தாயி."

அக்டோபர் 2, திங்கள். காலை.

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று. பை கொஞ்சம் கெட்டியாக இருந்தது. கூடாரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, சரி, உப்பு மாதிரி. பையைத் தட்டினால் ஓடு தட்டுகிற சத்தம். பேனாவின் கண்ணாடி ஜன்னலில் பார்த்தேன். மருந்து ஓடவில்லை. சாய்த்தாலும் அப்படியே நின்றது. மூன்றிலும்.

அக்குளில் வைத்துக்கொண்டேன். ஆறு பத்திலிருந்து ஆறு நாற்பது வரை. இளகிவிட்டது. தண்ணீர் மாதிரி தெளிவு. கெட்டது எதுவும் இவ்வளவு அழகாக இருக்காது. குளிர்ச்சிதானே இந்த மருந்துக்குச் சாப்பாடு? சொல்லப்போனால் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறது.

செண்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவளிடம் அவளுடைய மூன்று இருக்கின்றன.

சொல்ல என்ன இருக்கிறது.

அக்டோபர் 2, திங்கள். மாலை. மூன்றாம் முகாம்.

ஆறு குறுக்கே வந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். பாலம் கிடையாது, கல்லில் கால்வைத்துக் கடக்க வேண்டும். ஓடை என்றுதான் பல்பீர் சொன்னான். பனி உருகி வந்து தொடை வரை தண்ணீர். கடக்கும்போது இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை ஆளை இழுக்கும் என்றான். செண்பா சொன்னபடி கழற்றினாள். நடு ஆற்றில் கல் புரண்டது. இடுப்பு வரை தண்ணீரில் விழுந்தாள். பல்பீர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஆள் தப்பினாள்.

வாரில் கோத்திருந்த அவளுடைய இடுப்புப் பை தப்பவில்லை. அது போவதை நான் பார்த்தேன். ஆரஞ்சு நிறம். ஒரு பாறையைச் சுற்றியது, அடுத்த பாறையில் ஒரு கணம் நின்றது, போய்விட்டது. எடை இல்லாத பை. தண்ணீருக்கு அது ஒரு இலை.

கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே அவள் சிரித்தாள். "அதுக்குத்தான் ரெண்டா பிரிச்சது. பார்த்தீங்களா? உங்க மதப்படி ஒரே பையில போட்டிருந்தா இந்நேரம் கதை முடிஞ்சிருக்கும்."

"ஆமா தாயி" என்றேன்.

"என்ன மாமா, மூஞ்சி இப்படி இருக்கு? விழுந்தது நானா நீங்களா?"

வாயைத் திறந்தேன். அவள் ஏரி இருக்கும் திசையைப் பார்த்தாள். நாளைக்கு நாலு மணி நேர நடை. வாயை மூடிக்கொண்டேன்.

என் சிவப்புப் பையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு அதிலிருந்துதான் ஊசி போட்டாள். தோலுக்குள் அது போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படுக்கும் முன் 231. "ஆத்துல விழுந்த அதிர்ச்சி, ஏறத்தான் செய்யும்" என்றாள்.

அதிர்ச்சிதான். ஏறத்தான் செய்யும்.

அக்டோபர் 3, செவ்வாய். காலை 6.30.

318.

காலை 8.

ஊசி போட்டு ஒரு மணி நேரம். 341. இறங்க வேண்டியது ஏறுகிறது. இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டாள், மூன்றாவது கேட்கிறாள்.

"மாமா, இது வெயில்ல எங்கயாவது இருந்துச்சா?"

"வெயிலா? ஒரு பொட்டு வெயில் படலை தாயி. சத்தியமா."

என் வாழ்நாளில் நான் சொன்ன சத்தியங்களில் இதுதான் அப்பழுக்கற்றது.

"அப்ப எனக்குத்தான் ஏதோ காய்ச்சல் வரப் பார்க்குது. இன்னைக்கு இங்கேயே படுத்து, டோஸ் கூட்டிப் போட்டுப் பார்க்கறேன். சரியானா நாளைக்கு ஏரி."

இன்றைக்கு இங்கேயே. டாக்டர் சொன்ன இரண்டு நாளில் ஒரு நாள். மருந்து நல்லது என்று நம்பிக்கொண்டு படுத்திருப்பாள்.

பல்பீரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், ஒரு நண்பனுக்காக என்று. "இந்த ஊசி மருந்தெல்லாம் பனியில உறைஞ்சா என்னப்பா ஆகும்?"

"கெட்டுப் போச்சுங்ணா அது. ஆட்டுக்குப் போடற ஊசியே ஒருக்கா உறைஞ்சா ஆபீசர் தூக்கிப் போடச் சொல்லுவாருங்." என் முகத்தைப் பார்த்தான். "எந்த ஃபிரண்டுங்ணா?"

காலை 10.45.

397. வாந்தி எடுத்தாள்.

அவள் மூச்சில் ஒரு வாசனை. அழுகிய பழக்கூடை மாதிரி. பன்னிரண்டு வயதில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் தோளில் இதே வாசனை அடித்தது.

பல்பீர் சொன்னான்: "மூச்சு வேற மாதிரி இருக்குதுங்ணா. மலையில வர்ற மூச்சு இது இல்லீங்."

போனேன். அவள் கூடாரத்துக்குள் போய் மண்டியிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"செண்பா, உன் மாமன் ஒரு மகாபாதகன். பனியரக்கன் பாதாளத்திலேர்ந்து கிளம்பி வந்து உன் மருந்து அத்தனையும் ஒரே மடக்குல..."

"மாமா. ப்ளீஸ். சிரிக்கத் தெம்பில்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். சொன்னேன், அவள் நம்பவில்லை. நான் சொல்லும் எதையும் நம்பாமல் இருக்க அவளை நான்தான் பழக்கியிருக்கிறேன், இருபத்தாறு வருடமாக. யானையை விழுங்கிய பல்லி, ரயிலை முந்திய ஆமை. அவள் பிறந்த அன்றே என்னைப் பார்த்து "வாங்க மாமா" என்றாள் என்று ஊரெல்லாம் சொன்னவன்.

வேறு வார்த்தைகள் என்னிடம் இல்லை. தேடினேன். அறுபத்தொரு வயதில் ஒரு ஆள் வெறும் வார்த்தையைத் தேடினான்.

"உன் இன்சுலின் உறைஞ்சு போச்சு. நான்தான் வெளியே தொங்கவிட்டேன்."

கண்ணைத் திறந்தாள்.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. நேத்து காலைல பார்த்தேன். மூணும் கல்லு மாதிரி இருந்துச்சு."

"நேத்து காலைலயா?"

"ஆமா."

"ஆத்துக்கு முன்னாடியா?"

"ஆமா."

எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை முயன்றுதான் உட்கார முடிந்தது. வெளியே பார்த்துச் சொன்னாள், "பல்பீர் பாய், கீழ போகணும். இப்பவே. சாமான் எதுவும் வேண்டாம்."

அக்டோபர் 4, புதன். ஆஸ்பத்திரி. பகல்.

எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கூடாரம், பத்துப் பைகள், என் கடலைமிட்டாய், எல்லாம் அங்கேயே ஒரு பாறை அடியில் கிடக்கின்றன. ராணியின் முதுகில் இருந்ததை எல்லாம் இறக்கி, செண்பாவை ஏற்றினோம். பல்பீர் முன்னால். நான் பக்கத்தில் நடந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பதினாறு கிலோமீட்டர். முழங்கால்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அவை இருந்தனவா என்று தெரியாது.

ஆற்றை மறுபடி கடந்தோம். ராணி நடுவில் நின்றுவிட்டது. பல்பீர் அதன் காதில் ஏதோ சொன்னான். போனது.

முதல் இரண்டு மணி நேரம் செண்பா பேசினாள். நிறையத் தண்ணீர் கொடுங்க, கொஞ்சம் கொஞ்சமா. நான் தூங்கினா தட்டி எழுப்புங்க. எழுந்திருக்கலைன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எனக்கல்ல, பல்பீருக்குச் சொன்னாள். பிறகு பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஆழமாக, வேகமாக, மலை ஏறுகிறவள் மாதிரி. இறங்கிக்கொண்டிருந்தோம்.

"செண்பா."

"ம்."

"செண்பா."

"ம்."

பத்தடிக்கு ஒருமுறை கூப்பிட்டேன். ஒரு தடவை ம் வரவில்லை. தட்டினேன், வந்தது. அந்த இடைவெளியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு வளைவில் பல்பீரின் கைபேசிக்குச் சிக்னல் வந்தது. யாரிடமோ கத்தினான். "தர்கோட்ல பிம்லா தீதின்னு மளிகைக்கடை அக்கா இருக்காங்ணா. அவங்களுக்கும் சர்க்கரை. ஊசிதான் போடறாங்க. மருந்து எடுத்துட்டு மேல ஏறி வரச் சொல்லிட்டேன்."

ஐந்தரை மணிக்கு, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, கீழே இருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். கழுத்துக்குள் கைவிட்டு ஒரு சின்னப் புட்டியையும் ஊசியையும் எடுத்தார். புட்டியின் மேலெல்லாம் கோதுமை மாவு ஒட்டியிருந்தது.

"என்ன மாவு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்டேன்.

பல்பீர் சொன்னான்: "இங்க குளிர் ஆரம்பிச்சா மருந்தை மாவு டப்பாக்குள்ள புதைச்சு வைப்பாங்கண்ணா. ராத்திரி உறையாம இருக்க."

செண்பாவால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. புட்டியைக் கண்ணுக்குக் கிட்டே, தள்ளி, மறுபடி கிட்டே பிடித்தாள். அளவைத் தானே இழுத்தாள். கை ஆடியது. நான் பிடிக்கப் போனேன்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.

பிம்லா தீதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து ஜீப், மூன்று மணி நேரம். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குழாய். டாக்டர் கேட்டார், நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால், என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இப்போது 264. தூங்குகிறாள்.

அக்டோபர் 5, வியாழன்.

காலை 6: 202.

காலை 10: 171. கஞ்சி குடித்தாள்.

என்னிடம் பேசவில்லை.

மாலை 4: 149.

அக்டோபர் 6, வெள்ளி.

காலையில் பேசினாள். "மாமா, அந்த மூணு பேனா எங்க?"

சிவப்புப் பையை எடுத்துக் கொடுத்தேன். அது மட்டும் கூடவே வந்திருந்தது, அவள் கழுத்தில்.

"குப்பையில அப்படியே போடக் கூடாது. யாராவது நல்லதுன்னு எடுத்துப் போட்டுக்குவாங்க. பீச்சி வெளியேத்துங்க. கடைசிச் சொட்டு வரைக்கும்."

கழுவும் தொட்டி அருகே நின்று, திருகி, அழுத்தி, திருகி, அழுத்தி, மூன்றையும் காலி செய்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் உடம்புக்குள் இப்போது ஓடுகிற மருந்துக்கும் இதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது, மலையில்கூட இவ்வளவு வரவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் சொன்னாள், "அம்மா நாலு தடவை கூப்பிட்டாச்சு. மருந்து ஆத்துல போச்சுன்னு சொல்லிக்கலாம். பாதி நிஜம்தானே."

காலியான சிவப்புப் பையை மடித்தேன்.

"உங்களுக்காகச் சொல்லலை மாமா. தெரிஞ்சா அம்மா என்னை இனி எங்கயும் விட மாட்டா. உங்களையும் வீட்டுக்குள்ள விட மாட்டா."

"அந்த மருந்தைப் பத்தி நீ கேட்டப்பல்லாம் நானும் பாதி நிஜம்தான் சொன்னேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வராந்தாவுக்குப் போனேன். இரண்டாவது மணியில் அக்கா எடுத்தாள்.

"ஏல, உசுரோட இருக்கியளா? ஏரி எப்படி இருந்துச்சு? பொன்னால செஞ்சதுன்னு சொல்லப்போற, அதானே?"

"அக்கா, ஏரிக்குப் போகலை. செண்பா ஆஸ்பத்திரில இருக்கா. அவ மருந்தை நான் குளிர்ல தொங்கவிட்டுக் கெடுத்துட்டேன். தெரிஞ்சும் ஒரு நாள் சொல்லாம இருந்தேன். சாகப் பார்த்தா. இப்ப நல்லாயிருக்கா."

அக்கா சிரித்தாள். "ஆரம்பிச்சிட்டியா? நீ திருந்தவே மாட்ட. அவகிட்டக் குடு போனை."

சேர்க்க என் வாயில் நூறு வார்த்தைகள் வந்து நின்றன. சத்தியம், சாமி, தலையில் அடித்துக்கொள்ளுதல், எல்லாம். ஒன்றையும் சேர்க்கவில்லை. அதே வாக்கியங்களை, அதே வரிசையில், மறுபடி ஒருமுறை சொன்னேன்.

பாதியில் அக்காவின் சிரிப்பு நின்றது. நான் முடிக்கும்வரை சொன்னேன்.